கிழிக்கலாம், கிழிக்கக் கூடாது

குடும்பக் குழு: வட்டக்கச்சி வளவு

வெள்ளி, மாலை

வினோ: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் முன்பள்ளிச் சுவரில் இரணைமடுக் குளத்தைப் பெரிய படமாகச் செய்யப் போகிறோம். வர்ணமும் இல்லை, தூரிகையும் இல்லை, முழுக்கக் காகிதத் துண்டுகள்தான். வீட்டில் கிடக்கும் பழைய தாள்களை எறியாமல் எடுத்து வையுங்கள். எழுதி முடிந்த கொப்பி, பழைய கலண்டர், சீமெந்துப் பை, முட்டை மட்டை, கலியாண அழைப்பிதழ், தேயிலைப் பெட்டி எதுவானாலும் சரி.

சின்ன மாமா (மல்லாவி): கடைக் கடன் கொப்பியும் எடுப்பாயா?

மாமி (புதுக்குடியிருப்பு): அதை நீங்கள் கிழித்தால் கடைக்காரர் உங்களைக் கிழிப்பார்.

அத்தான் (ரொறன்ரோ): வினோ, இங்கே ஒரு கடையில் யப்பானியக் கைத்தாள் பார்த்தேன். நீலத்திலேயே பல வகை வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டு அனுப்பட்டுமா?

பெரியம்மா (வட்டக்கச்சி): வேண்டாம் தம்பி. அது நல்ல தாள்தான், குறை சொல்லவில்லை. கோசோ என்ற முசுக்கட்டை இனத்து மரத்தின் பட்டையில் செய்வது. நார் நீளம் என்பதால் எவ்வளவு மெல்லிதாக இருந்தாலும் இலகுவில் கிழியாது. 2014இல் யுனெஸ்கோவே அந்தக் கைவினையைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நாலு வயதுப் பிள்ளை பசைக் கையோடு அதைக் கசக்கும்போது விலை தெரிந்த உங்களுக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அந்தக் காசுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் வாங்கிக் கொடுங்கள்.

அத்தான் (ரொறன்ரோ): சரி பெரியம்மா. உத்தரவு.

சின்ன மாமா (மல்லாவி): வைக்கோல் வேண்டுமென்றால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஏற்றி விடுகிறேன். வாழைச்சேனையில் வைக்கோலில்தானே காகிதம் செய்தார்கள்?

பெரியம்மா (வட்டக்கச்சி): ஓம், 1956இல் தொடங்கிய ஆலை. ஆனால் அங்கே பெரிய கொதிகலன் இருந்தது, இங்கே இருப்பது வினோவின் பேசின். வைக்கோல் நார் குட்டை, சோடா போட்டு நெடுநேரம் அவிக்க வேண்டும். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் அந்தக் காரத் தண்ணீர் ஆகாது. ஒரு பிடியைப் பொடியாக நறுக்கித் தா, கூழில் தூவலாம். காய்ந்த பிறகு தாளில் பொன் கோடாகத் தெரியும். வயல் பக்கம் செய்ய வேறு ஒன்றும் தேவையில்லை.

தர்சன்: பெரியம்மா, தாளையே நாங்கள் செய்ய வேண்டுமா? கலண்டரைக் கிழித்து ஒட்டினால் முடிந்ததுதானே?

பெரியம்மா (வட்டக்கச்சி): நீ சித்திரம் பாடம் எடுத்தவனா? பளபளக்கும் கலண்டர் தாள் எல்லாம் ஒரே வழுவழுப்பு, வெளிச்சம் பட்டால் கண் கூசும். அது வானத்துக்குச் சரி. அணைக்கட்டுக் கல்லை அதில் எப்படிக் காட்டுவாய்? அதற்குச் சொரசொரப்பான கைத்தாள் வேண்டும். சொல்கிறேன், வினோ, குறித்துக்கொள்.

முட்டை மட்டையையும் கொப்பித் தாளையும் சிறிதாகக் கிழித்து இரவு முழுவதும் ஊற வை. காலையில் உரலில் இட்டு இடி. பிளென்டரில் அடித்தால் விரைவாக முடியும், ஆனால் நார் அறுந்துவிடும். ஏற்கெனவே ஒரு முறை தாளானதை மறுபடி கூழாக்கும்போது நார் இன்னும் குட்டையாகிறது. ஐந்தாறு தடவைக்கு மேல் அது தாளாகப் பிடிக்காது. ஆகவே வாழை மட்டையைத் துண்டுதுண்டாக நறுக்கி, சாம்பல் தெளிவு விட்டு அவித்து, அலசி, இடித்துக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அவிப்பது என் வீட்டில், உன் முன்பள்ளியில் அல்ல.

பிறகு மரச் சட்டத்தில் நுளம்பு வலையை இழுத்து அடி. பேசின் தண்ணீரில் கூழைக் கலக்கு, சட்டத்தை அடியில் விட்டு நேராகத் தூக்கு. தூக்கிய உடனே முன்பின்னும் பக்கவாட்டிலும் ஒரு தடவை மெதுவாக ஆட்ட வேண்டும். அப்போதுதான் நார் ஒன்றோடொன்று கொளுவும். தண்ணீர் வடிந்ததும் பழைய சாரத்தின் மேல் கவிழ்த்து, பஞ்சால் ஒற்றி எடு. சிலவற்றை ஈரத்தோடு யன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காயவிடு. கண்ணாடி பட்ட பக்கம் வழுக்கும், மற்றப் பக்கம் சுணைக்கும். ஒரே தாளில் தண்ணீரும் கல்லும் கிடைக்கும்.

வினோ: குறித்துவிட்டேன். நிறம்?

பெரியம்மா (வட்டக்கச்சி): கூழிலேயே தேயிலைச் சாயம் விடு. மஞ்சள் வேண்டாம், வெயில் பட்டால் சில வாரத்தில் வெளிறிவிடும். மினுக்குத் தூளைக் கண்ணிலும் காட்டாதே. குளத்தில் மினுக்குத் தூள் கொட்டினால் அது குளமல்ல, சவர்க்கார விளம்பரம்.

சின்ன மாமா (மல்லாவி): வாழை மட்டைக்குக் கவலை இல்லை. போன கிழமை யானை வந்து வேலியோரத்து வாழையை எல்லாம் முறித்துவிட்டுப் போனது. குட்டையும் நெட்டையுமாகக் கிடக்கிறது, வந்து அள்ளுங்கள்.

மாமி (புதுக்குடியிருப்பு): ஐயோ, நட்டஈடு கேட்டீர்களா?

சின்ன மாமா (மல்லாவி): யாரிடம் கேட்பது அண்ணி, யானையிடமா?

தர்சன்: மாமா, கேகாலைப் பக்கத்தில் யானை இலத்தியிலேயே காகிதம் செய்து விற்கிறார்கள். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லையாம், மிச்ச நார் அப்படியே வந்துவிடுமாம்.

சின்ன மாமா (மல்லாவி): அப்படியென்றால் நட்டஈடு ஏற்கெனவே வளவு முழுவதும் கிடக்கிறது.

வினோ: மாமா! பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தச் செய்தியைக் காட்ட முடியாது.

சனி, காலை

வினோ: [படம்] ஒரு மாதிரி செய்து பார்த்தேன். அட்டையில் சீமெந்துப் பைத் தாளை ஒட்டினேன். காலையில் பார்த்தால் அட்டையே வளைந்து நிற்கிறது.

பெரியம்மா (வட்டக்கச்சி): பின்பக்கமும் அதே அளவு தாளை, அதே பசையால் ஒட்டு. ஈரத்தில் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கும். இரு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நேராக நிற்கும்.

தர்சன்: எனக்கும் ஒரு சந்தேகம். பத்திரிகையை மேலிருந்து கீழே கிழித்தால் கோடு பிடித்ததுபோல வருகிறது. குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகிறது. ஏன்?

பெரியம்மா (வட்டக்கச்சி): நல்ல கேள்வி. ஆலைத் தாள் இயந்திரத்தில் ஓடும்போது நார் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துவிடும். அந்தத் திசையில் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே போனால் நாரை அறுத்துக்கொண்டு போக வேண்டும். கைத்தாளில் நாலு பக்கமும் ஆட்டியதால் நாருக்குத் திசை இல்லை. நீ எப்படிக் கிழித்தாலும் ஒரே மாதிரி வரும். இன்னொன்று: தூரிகையால் தண்ணீரில் ஒரு கோடு இழுத்து, ஊறியதும் இரு பக்கமும் மெல்லப் பிரித்துப் பார். விளிம்பில் நார் மயிர் மயிராக நீளும். அலை ஓரத்து நுரைக்கு அதுதான். கத்தரிக்கோலால் வெட்டினால் அந்த விளிம்பு கிடைக்காது. பாலத்துக்கும் மதகுக்கும் மட்டும் கத்தரிக்கோல் எடுங்கள்.

தர்சன்: [படம்] வந்துவிட்டது! நீல அழைப்பிதழ் உறையில் செய்தேன். உள்ளே வெள்ளை, வெளியே நீலம்.

பெரியம்மா (வட்டக்கச்சி): இதுதான். பரீட்சைக்கும் சேர்த்து வைத்துக்கொள்: 1912இல் ஜோர்ஜ் பிராக் அவிஞ்ஞோன் நகரக் கடையொன்றில் மரக்கோடு அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி, வெட்டி, வரைந்த படத்தில் ஒட்டினார். அதே வருடம் பிக்காசோவும் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுச்சீலையைப் படத்தில் ஒட்டினார். பெரிய ஓவியர்கள் வாங்கியதும் கடைச் சாமான்தான்.

சின்ன மாமா (மல்லாவி): பத்திரிகைக் கட்டு ஒன்று இருக்கிறது, கொண்டுவரவா?

பெரியம்மா (வட்டக்கச்சி): கொண்டு வா, ஆனால் தண்ணீருக்கு அல்ல. பத்திரிகைத் தாளில் மரத்து நாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் எடுபடாமல் இருக்கிறது, வெளிச்சத்தில் மஞ்சளாகும். காய்ந்த புல்லுக்கும் வரம்புக்கும் வைத்தால் அது தானாகவே நிறம் பிடிக்கும். வங்கி இயந்திரத்தில் வரும் துண்டுகளைக் கூழில் போடாதே. அது மருந்து பூசிய தாள், பிள்ளைகள் கையில் படவும் வேண்டாம்.

சின்ன மாமா (மல்லாவி): போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது நினைவிருக்கிறதா அக்கா? படித்து முடித்து, அதிலேயே சரை சுற்றிக் கடலை விற்றார்கள்.

மாமி (புதுக்குடியிருப்பு): அதை ஏன் தூக்குகிறீர்கள். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள்.

மாமி (புதுக்குடியிருப்பு): வினோ, என்னிடமும் ஒரு சொப்பிங் பை நிறையத் தாள் இருக்கிறது. அண்ணன் ஜேர்மனியில் இருந்து எழுதிய ஏரோகிராம், லொத்தர் டிக்கெட், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை, செட்டிகுளம் முகாமில் தந்த பதிவுத் துண்டு எல்லாம் அதற்குள். 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் இருந்து வெளியே வந்தபோது கையில் இருந்தது அந்தப் பைதான். எடுத்துக்கொள்.

பெரியம்மா (வட்டக்கச்சி): மச்சாள், நிற்பாட்டுங்கள். அந்தப் பையில் ஒரு துண்டும் கிழிபட விட மாட்டேன்.

மாமி (புதுக்குடியிருப்பு): பை என்னுடையது, தாளும் என்னுடையது. அலுமாரியில் கிடந்து இராமபாணப் பூச்சிக்குச் சாப்பாடாகிறது. அண்ணன் எழுதிய நீலக் கடிதம் குளத்துத் தண்ணீராக இருக்கட்டுமே. ஏன் மறிக்கிறீர்கள்?

பெரியம்மா (வட்டக்கச்சி): மறிக்காமல்? காணிப் பிணக்கு என்று போனால் இன்றும் பழைய துண்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். உறுதி, பிறப்புச் சான்றிதழ், பதிவுத் துண்டு மூன்றும் பசைக்குக் கிட்டவே வரக் கூடாது. படத்தில் வேண்டுமென்றால் பிரதி எடுங்கள். லேசர் பிரதியாக எடுங்கள், அதன் மை பசை ஈரத்தில் கலையாது. வீட்டுப் பிரின்டரின் மை ஓடிவிடும்.

மாமி (புதுக்குடியிருப்பு): பதிவுத் துண்டுக்குப் பிரதியும் வேண்டாம். நாலு வயதுப் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் முகாமை ஏன் ஒட்ட வேண்டும்? அது என் அலுமாரியிலேயே இருக்கட்டும்.

பெரியம்மா (வட்டக்கச்சி): அது சரி. அதை நான் யோசிக்கவில்லை.

மாமி (புதுக்குடியிருப்பு): ஏரோகிராமைத் தருவேன். பிரதி இல்லை, அசல். அந்த நீலம் பிரதியில் வராது. கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

அத்தான் (ரொறன்ரோ): மாமி, கிழிக்கும் முன் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் போனில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். வடிவாகப் பெயரிட்டுச் சேமித்துத் தருகிறேன். மாமா எழுதியதை என் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும்.

மாமி (புதுக்குடியிருப்பு): அதில் பாதிக்கு மேல் காசு வந்ததா, வந்ததா என்ற கேள்விதான் இருக்கும். பரவாயில்லை, வாசிக்கட்டும்.

பெரியம்மா (வட்டக்கச்சி): ஊற்றுப்பேனை மை என்றால் பசையில் கரையும், மச்சாள். குமிழ்முனை என்றால் நிற்கும். ஒரு மூலையில் ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். ஏரோகிராம் மெல்லிய தாள், பசை பட்டதும் கீழே உள்ளது ஊடாகத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றடுக்கு வைத்தால் குளத்தின் ஆழமான இடம் கறுத்து வரும், கரையில் ஓரடுக்கு போதும். எழுத்து தெரியாமல் கிழிக்க வேண்டுமா?

மாமி (புதுக்குடியிருப்பு): தெரியட்டும். வாசிக்க முடியாத அளவுக்குத் தெரியட்டும்.

வினோ: மாமி, நீங்களே வந்து கிழித்துத் தாருங்கள்.

மாமி (புதுக்குடியிருப்பு): இந்த வயதில் எனக்கு என்ன வேலை அங்கே? தாளைத் தந்தால் போதாதா?

பெரியம்மா (வட்டக்கச்சி): மேரி டெலானி என்று ஓர் ஆங்கிலேயப் பெண், 1700இல் பிறந்தவர். 72 வயதில்தான் காகிதத்தை வெட்டிப் பூ செய்யத் தொடங்கினார். உதிர்ந்த இதழும் மேசையில் கிடந்த சிவப்புத் தாளும் ஒரே நிறம் என்று கண்டதில் தொடங்கிய வேலையாம். பார்வை மங்கும் வரை ஆயிரத்துக்குக் கிட்டச் செய்தார். கறுப்புப் பின்னணியில் ஒட்டியவை, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. உங்களுக்கு அந்த வயது வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஞாயிறு பஸ்ஸில் வாருங்கள்.

மாமி (புதுக்குடியிருப்பு): வருகிறேன். ஆனால் அந்தக் கோதுமை மாப் பசையை நான்தான் காய்ச்சுவேன். போன முறை நீங்கள் காய்ச்சியது கட்டி கட்டியாக இருந்தது.

பெரியம்மா (வட்டக்கச்சி): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்ன மாமா (மல்லாவி): நான் வாசித்துவிட்டேன் அக்கா.

வினோ: பசை எவ்வளவு நாள் தாங்கும்? மிஞ்சினால் வைத்திருக்கலாமா?

மாமி (புதுக்குடியிருப்பு): வைக்காதே பிள்ளை. அன்றன்று காய்ச்சு. மறுநாள் புளிக்கும், எலி வரும். துருசு போட்டால் பூச்சி வராது என்பார்கள், ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. ஒட்டியது நன்றாகக் காய்ந்த பிறகு சுவரில் ஏற்று. மாரி தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும், ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

தர்சன்: சுவருக்கும் அட்டைக்கும் இடையில் சிறு மரத்துண்டு வைத்து ஆணி அடிக்கிறேன். காற்று ஓடும், கறையானும் ஏறாது.

பெரியம்மா (வட்டக்கச்சி): கறையான் ஏறத்தான் செய்யும், ஆனால் இடைவெளி இருந்தால் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வரும். அந்த அளவுக்குச் சரி.

வினோ: அப்படியென்றால் ஞாயிறு ஒன்பது மணி, பெரியம்மா வீடு. மாமா வாழை மட்டையும் வைக்கோலும், மாமி கடிதமும் மாவும், தர்சன் சட்டமும் வலையும். முட்டை மட்டை யாரிடம் இருக்கிறது?

சின்ன மாமா (மல்லாவி): கடையில் சொல்லி வைத்தேன். மட்டை மட்டும் தர மாட்டாராம், முட்டையோடு எடுக்க வேண்டுமாம். பத்துப் பேருக்குப் பொரிக்க வெங்காயம் இருக்கிறதா அக்கா?