நீல மூடில கோடு கோடா வருது, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

மூடிக்காரன்:
அண்ணா இன்ஜெக்ஷன் மெஷின்ல நீல கலர் பிளாஸ்டிக் மூடி ஓட்டுறோம், கேட்டுல (மோல்டுக்குள்ள உருகுன பிளாஸ்டிக் இறங்குற வாய்) இருந்து சுழி சுழியா கோடு வருது, ஒரு ஷாட் வெளிர் நீலம் அடுத்த ஷாட் கருநீலம். பார்ட்டி லாட்டையே திருப்பி அனுப்பிட்டாரு. ஹீட்டு ஏத்தியும் பாத்தாச்சு இறக்கியும் பாத்தாச்சு, காலைல டெலிவரி, என்ன பண்ணலாம்?

டூல்ரூம்_கோவை:
என்ன மெட்டீரியல்? பிபியா (பாலிப்ரொப்பிலீன்) ஹெச்டியா (பாலித்தீன்)? கலருக்கு மாஸ்டர்பேட்ச் மணியா பவுடரா, எத்தனை சதவீதம்?

அம்பத்தூரான்:
ஈரம்தான் தம்பி, கண்ண மூடிட்டு சொல்வேன். 80 டிகிரில ரெண்டு மணி நேரம் ட்ரையர்ல போடுங்க.

பழைய_ஸ்க்ரூ:
இது இங்க ஆயிரம் தடவை பேசுன விஷயம், தேடிப் பாக்குற வழக்கமே யாருக்கும் கிடையாது. மெட்டீரியல் பேரு கூட சொல்லாம கோடு வருதுன்னா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது? அப்புறம் அம்பத்தூரான், ஈரம்னா வெள்ளி மாதிரி கோடு அடிக்கும், கலர் திக்காவும் லைட்டாவும் மாறாது. ஈரம் இழுக்குற ஏபிஎஸ், நைலான் பிளாஸ்டிக்குக்கு சொல்ற வைத்தியத்த எல்லாத்துக்கும் சொல்லாதீங்க.

மூடிக்காரன்:
பிபி தாண்ணா. மாஸ்டர்பேட்ச் (எம்பி) 2 சதவீதம், 25 கிலோ மூட்டைக்கு அரை கிலோ, டிரம்ல கொட்டி கையால கிளறி மெஷின் மேல இருக்குற ஹாப்பர்ல போடுறோம். கிரைண்டிங்கும், அதான் அரைச்ச பழைய பிளாஸ்டிக், கொஞ்சம் சேருது.

டூல்ரூம்_கோவை:
கிரைண்டிங் துண்டு ஒரு சைஸு, எம்பி தானா ஒரு சைஸு, மெஷின் ஆட்டத்துல ஹாப்பருக்குள்ளயே தனித்தனியா பிரிஞ்சிரும், ஷாட்டுக்கு ஷாட் கலர் மாறுறது அதனாலதான். ஹாப்பர்ல கொஞ்சம் கொஞ்சமா போடுங்க. சுழி வேற கதை, அது பிளாஸ்டிக் உருகுற பேரலுக்குள்ள கலக்கல. பேக் பிரஷர் (ஸ்க்ரூ பின்னால போறப்ப குடுக்குற எதிர் அழுத்தம்) எவ்வளவு வெச்சிருக்கீங்க?

மூடிக்காரன்:
ஜீரோண்ணா. சைக்கிள் டைம் குறையட்டும்னு ஆபரேட்டர் வெச்சது.

டூல்ரூம்_கோவை:
ஏத்துங்க, 5 பார்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா. அடுத்த ஷாட்டுக்கு மெட்டீரியல் லோடிங் லேட்டாகும், ஆகட்டும். அப்பவும் சுழி இருந்தா எம்பியோட கேரியர் (கலர ஏத்தி வெச்ச பிளாஸ்டிக்) என்னன்னு சப்ளையர்கிட்ட கேளுங்க, எதுலயும் போடலாம்னு விக்கிற சரக்கு பிபில சில நேரம் சரியா பரவாது.

கலர்_கடை:
எம்பிக்கு தண்டமா காசு குடுக்குறதுக்கு பவுடர் வாங்கி ஒயிட் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு கலக்குங்க, பாதி செலவு.

அம்பத்தூரான்:
பவுடர் ஓட்டுன மெஷின்ல அடுத்து வெள்ளை ஓட்டிப் பாருங்க, பழைய கலர் போக பர்ஜ் பண்ணிப் பண்ணியே கலர் இல்லாத நேச்சுரல் மூட்டை காலியாகும். ஆளுங்க மூக்கு பூரா நீலம்.

கலர்_கடை:
எங்க அப்பா காலத்துல இருந்து பவுடர்தான், யாரும் சாகல.

பழைய_ஸ்க்ரூ:
மூடி சாப்பாட்டு டப்பாவுக்கா? அப்படின்னா பிக்மென்ட், உணவு படுற பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 9833 லிஸ்ட்ல இருக்கணும். கடைல உருவி விக்கிற பவுடர்ல என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது.

கலர்_கடை:
கிரைண்டிங் போட்டு ஓட்டுறவருக்கு ஐஎஸ் பாடம் எடுக்குறீங்க பாருங்க 😂

பழைய_ஸ்க்ரூ:
அதையும் கேக்கத்தான் இருந்தேன். யார் வீட்டு கிரைண்டிங், சொந்த ரன்னரா (மூடியோட வர்ற கழிவுத் தண்டு), வெளில வாங்குனதா?

மூடிக்காரன்:
சுழி போயிருச்சு, பேக் பிரஷர்தான், நன்றிண்ணா. ஆனா நீல மூடி மட்டும் லேசா வளையுது, அதே மோல்டுல வெள்ளை சரியா உக்காருது.

டூல்ரூம்_கோவை:
நீல பிக்மென்ட் தாலோ ப்ளூவா இருக்கும். அது பிபிய சீக்கிரம் படிகமாக்கும், சுருக்கம் மாறிரும். கூலிங் டைம் ஏத்திப் பாருங்க, இல்லன்னா வளையாத க்ரேடு நீலம் இருக்கான்னு கேளுங்க.

பழைய_ஸ்க்ரூ:
கிரைண்டிங் கேள்விக்கு பதில் வரல.