பி.இ. கணினி அறிவியலா, இணையப் பாதுகாப்புச் சிறப்புப் பிரிவா: கலந்தாய்வில் எதை மேலே வைப்பது?

தென்காசித் தந்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறாள். கட்-ஆஃப் 200க்கு 181. முந்தைய ஆண்டுகளின் நிலவரத்தைப் பார்த்தால், நல்ல பெயருள்ள ஒரு கல்லூரியில் பி.இ. கணினி அறிவியல், அதாவது சி.எஸ்.இ. (இணையப் பாதுகாப்பு) கிடைக்கும் போலிருக்கிறது. அதே கல்லூரியில் பொதுவான சி.எஸ்.இ. எட்டாது. எங்கள் ஊருக்கு அருகில் உள்ள நடுத்தரமான கல்லூரி ஒன்றில் பொதுவான சி.எஸ்.இ. உறுதியாகக் கிடைக்கும். விடுமுறை முழுவதும் பிகோசிடிஎஃப் என்னும் பயிற்சித் தளத்தின் கணினிப் பாதுகாப்புப் புதிர்களை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் என்பதால் அவளுக்கு ஆர்வம் எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பதினேழு வயதில் ஒரு சிறப்புப் பிரிவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்ற கதவுகள் மூடிவிடுமோ என்று அஞ்சுகிறேன். விருப்பப் பட்டியலில் எதை மேலே வைக்கலாம் என்று துறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வலைக்காவலன் எழுதியது:

ஐயா, நான் சென்னையில் ஒரு பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் பணிபுரிகிறேன். இந்தத் துறையை விரும்பும் பிள்ளைகள் பொதுவான சி.எஸ்.இ. படித்துவிட்டு வருவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

2014இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில், எதிர்முனை தான் அனுப்பியதாகக் கூறும் நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பியதால், ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது. அந்தப் பிழையைப் புரிந்துகொள்வதற்குத் தேவையானவை சி மொழியும், நினைவகம் ஒதுக்கப்படும் விதமும், ஒரு வலைத்தொடர்பு நெறிமுறையின் தரவுப் பொதி எப்படி அமைகிறது என்ற அறிவுமே. இவை மூன்றும் சி.எஸ்.இ. பாடங்கள்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவிக்குள் யாரோ திட்டமிட்டு வைத்திருந்த பின்கதவைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். அவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவர். பாதுகாப்பு ஆய்வாளர் என்று தம்மை அழைத்துக்கொள்பவர் அல்லர். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, அந்த அரை நொடி எங்கே செலவாகிறது என்று அடிவரை தோண்டியவர் அவர். உலகெங்கும் உள்ள லினக்ஸ் சர்வர்கள் பெரும் ஆபத்திலிருந்து தப்பியது அப்படித்தான். இத்தகைய பழக்கம் இயக்க முறைமையையும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் ஆழமாகப் படிப்பதால் வருகிறது. பாதுகாப்புக் கருவிகளின் பெயர்களை மனனம் செய்வதால் வருவதில்லை.

நெல்லை ஆசிரியை எழுதியது:

வலைக்காவலன் அவர்களுக்கு வணக்கம். இணையப் பாதுகாப்புப் பிரிவில் பாடம் நடத்துபவள் என்ற முறையில் என் கருத்துக்குச் சார்பு உண்டு என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் காட்டிய இரண்டும் அரிய நிகழ்வுகள். ஒரு மருத்துவமனையோ நகராட்சியோ வங்கிக் கிளையோ நாள்தோறும் அடிபடுவது அத்தகைய நுட்பமான ஓட்டைகளால் அன்று. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பிணைத்தொகைத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்து, நோயாளிகளுக்குக் கையால் சீட்டு எழுதும் நிலை ஏற்பட்டதல்லவா? வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் கூடங்குளத்தில் நடந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். 2019இல் அங்கேயும் ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. ஆனால் அது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்தது என்றும், உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதிலிருந்து துண்டிக்கப்பட்டவை என்றும் விளக்கியது. ஓரிடத்தில் மருத்துவமனையே தடுமாறியது, மற்றோரிடத்தில் மின்னுற்பத்தி பாதிக்கப்படவில்லை. வேறுபாடு வடிவமைப்பில் இருக்கிறது. அந்த வடிவமைப்பையும், கணினி தன் செயல்களைக் குறித்துவைக்கும் எந்தப் பதிவேட்டை எங்கே எத்தனை நாள் சேமிப்பது, தாக்குதல் நடந்த முதல் மணி நேரத்தில் எதைத் தொடக் கூடாது என்பன போன்ற ஒழுங்குகளையும் ஒரு தனிப் படிப்புதான் பொறுமையாகச் சொல்லித்தர முடியும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. சம்பவம் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும் என்று இணையத் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. கடிகாரம் எதற்கு என்று மாணவர்கள் சிரிப்பார்கள். பத்து சர்வர்களின் பதிவேடுகளை ஒன்றாக அடுக்கி, திருடன் எந்த வரிசையில் எந்த அறைக்குள் போனான் என்று கண்டுபிடிக்கும் ஆய்வக வகுப்பு வந்தவுடன் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

வலைக்காவலன் எழுதியது:

அம்மா, நீங்கள் கூறிய அனைத்தும் தேவையானவை என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்காகத் தனிப் பட்டம் வேண்டுமா என்பதே என் கேள்வி.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, பொதுவான சி.எஸ்.இ. மாணவருக்கே குறியாக்கமும் இணையப் பாதுகாப்பும் ஒரு கட்டாயப் பாடம். விருப்பப் பாடங்களில் 'இணையப் பாதுகாப்பும் தரவுத் தனியுரிமையும்' என்று ஒரு முழு வரிசையே இருக்கிறது. நெறிசார் ஊடுருவல், தடயவியல், வலையமைப்புப் பாதுகாப்பு, மேகக் கணிமையின் பாதுகாப்பு என்று அதிலிருந்து தெரிவு செய்யலாம். கூடுதலாக 18 கிரெடிட்டுகளை ஒரே வரிசையிலிருந்து எடுத்தால் ஆனர்ஸ் பட்டமும் கிடைக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டம் வேறுபடும் என்றாலும் பெரும்பாலானவை இதே போக்கில்தான் செல்கின்றன. ஆக, பொதுவான சி.எஸ்.இ. சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டில் பாதுகாப்பின் பக்கம் திரும்பலாம். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கம்பைலரிலோ இயந்திரக் கற்றலிலோ மனம் சென்றுவிட்டால் அப்படியும் போகலாம்.

மேற்படிப்பையும் எண்ணிப் பாருங்கள். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் இணையப் பாதுகாப்புக்குத் தனித் தாள் இல்லை. தரவு அறிவியலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் 2024இல் தனித் தாள் வந்தது. பாதுகாப்புப் பிரிவினர் எழுதப்போவது அதே கணினி அறிவியல் தாளைத்தான். அதில் கேட்கப்படுவன கணிப்புக் கோட்பாடு, கம்பைலர், இலக்க மின்சுற்று, கணினிக் கட்டமைப்பு போன்றவை.

கோவை சுயமாணவன் எழுதியது:

இரு தரப்பும் பட்டத்தைச் சுற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இந்த நான்காண்டுச் செலவே தேவையற்றதாகத் தோன்றுகிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. போதும். ஓவர்தவயர், டிரைஹேக்மீ போன்ற பயிற்சித் தளங்களில் பயின்று, ஊடுருவல் சோதனைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழ் பெற்றவரை எந்த நிறுவனமும் திருப்பி அனுப்பாது. 23 மணி 45 நிமிடம் கண் விழித்துக் கணினிகளை ஊடுருவி, அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கையும் எழுதித் தேறியவருக்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண் பட்டியல் ஈடாகும்?

பெங்களூர் ஆளெடுப்பாளர் எழுதியது:

கோவை நண்பரின் ஊக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் நான் அமர்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து காட்சி வேறாகத் தெரிகிறது. விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவது மென்பொருளும் மனிதவளப் பிரிவும். ஓஎஸ்சிபி என்றால் என்னவென்று அறிந்த நான் அவற்றைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அந்த முதல் வடிகட்டலில் நான்காண்டுப் பட்டம் கேட்கும் நிறுவனங்கள் இன்னும் ஏராளம். துறையின் உயர்ந்த சான்றிதழ்களில் ஒன்றான சிஐஎஸ்எஸ்பிக்கு ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். கணினி சார்ந்த பட்டம் இருந்தால் அதில் ஓராண்டு குறையும்.

வளாக நேர்காணல் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். 'சி.எஸ்.இ. மற்றும் அதன் சார்புப் பிரிவுகள்' என்று அழைக்கும்போது பெரும்பாலான நிறுவனங்கள் இணையப் பாதுகாப்புப் பிரிவையும் சேர்த்தே அழைக்கின்றன. எனவே கதவு மூடிவிடும் என்று தந்தை அஞ்ச வேண்டியதில்லை. பாதுகாப்பு என்று பட்டத்தில் எழுதியிருப்பதால் முதல் வேலை பாதுகாப்பில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அந்தப் பிரிவில் படித்தவர்களும் நிரல் எழுதும் வேலையில் சேர்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். பாதுகாப்பில் தொடக்கநிலை வேலை என்பது பெரும்பாலும் சுழற்சி முறையில் இரவுப் பணியும், எச்சரிக்கைகளைப் பிரித்துப் போடுவதுமே. திரைப்படத்து ஹேக்கர்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஆறு மாதத்தில் சலித்துப்போகிறார்கள்.

அரசு வேலை நாடுவோருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கல்வித் தகுதி 'கணினி அறிவியல் பொறியியல்' என்று குறிப்பிடப்படும் பணிகளுக்கு, புதிய பெயருள்ள பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெல்லை ஆசிரியை எழுதியது:

ஆளெடுப்பாளர் சொன்ன இரவுப் பணி உண்மைதான். ஆயினும் அந்த எச்சரிக்கைகளுக்கிடையே எது மெய், எது பொய் என்று பிரிக்கத் தெரிந்தவரே அடுத்த படிக்குப் போகிறார்.

வலைக்காவலன் அவர்களின் விருப்பப் பாட வாதத்தில் ஒரு நடைமுறை ஓட்டை இருக்கிறது. வரிசை பாடத்திட்டத்தில் இருப்பதும் கல்லூரியில் நடத்தப்படுவதும் ஒன்றல்ல. விருப்பப் பாடத்தைப் போதிய மாணவர்கள் கேட்க வேண்டும், நடத்த ஆள் இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் துறை ஒரு பாடத்தை முடிவு செய்து வகுப்பு முழுவதற்கும் அதையே கொடுத்துவிடுகிறது. 'விருப்பம்' துறைத் தலைவருடையது! தனிப் பிரிவில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று, அனுமதி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி, உரிமையாளரின் அனுமதியின்றித் தீய நோக்கத்தோடு ஒரு கணினிக்குள் நுழைந்தால் மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. தனியே கற்கும் துடிப்பான பிள்ளைகள், தாங்கள் கண்டுபிடித்த ஓட்டையை ஏதோ ஓர் உண்மையான வலைத்தளத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு அலைவதை அறிவேன். நோக்கம் நல்லது என்பதை நிரூபிக்கும் சுமை எவருக்கும் வரக் கூடாது. பிழைகளோடு வேண்டுமென்றே அமைக்கப்பட்ட ஆய்வகமும், எல்லையை முதல் நாளிலேயே சொல்லித்தரும் ஆசிரியரும் இருப்பது சாதாரண நன்மையல்ல.

வலைக்காவலன் எழுதியது:

அத்தகைய ஆய்வகம் இருந்தால் நானும் ஒப்புக்கொள்கிறேன். இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல இடங்களில் பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது. அதே ஆசிரியர்கள், அதே அறை, அதே கணினிகள். ஆகவே தந்தையார் கல்லூரிக்கு நேரில் சென்று விசாரிக்க வேண்டும். பாதுகாப்புப் பாடங்களை நடத்துபவர் அத்துறையில் என்ன செய்திருக்கிறார்? மாணவர் குழு ஏதேனும் சிடிஎஃப் எனப்படும் கணினிப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டிகளில் கலந்துகொள்கிறதா? கேரளத்தின் அமிர்தபுரியில் பயோஸ் என்ற மாணவர் குழு உலக அளவில் பெயர் பெற்றதற்குக் காரணம், மூத்தவர்கள் இளையவர்களுக்கு ஆண்டுதோறும் கற்றுக்கொடுக்கும் மரபு. அப்படிப்பட்ட குழு இருக்கும் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் உங்கள் மகள் கற்றுக்கொள்வாள்.

தேசிய அங்கீகார வாரியத்தின் சான்றையும் கவனியுங்கள். ஒரு படிப்பில் குறைந்தது இரண்டு ஆண்டுத் தொகுதி மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறிய பின்பே அதற்கு விண்ணப்பிக்க முடியும். எனவே கல்லூரி 'எங்களுக்கு அங்கீகாரம் உண்டு' என்றால், அது சி.எஸ்.இ. பிரிவுக்கா, இந்தப் புதிய பிரிவுக்கா என்று கேளுங்கள்.

தென்காசித் தந்தை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு பாடத்திட்டங்களையும் அச்செடுத்து மகளோடு அமர்ந்து ஒப்பிட்டேன். அந்தக் கல்லூரியின் இணையப் பாதுகாப்புப் பிரிவிலும் தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியன அப்படியே இருக்கின்றன. கம்பைலர் மட்டும் விருப்பப் பாடமாகத் தள்ளப்பட்டிருக்கிறது. அதைத் தானே படித்துக்கொள்வதாக மகள் சொல்கிறாள். கிடைத்தற்கரியது என்று தெரிந்தாலும் அந்தக் கல்லூரியின் பொதுவான சி.எஸ்.இ.யை முதலிலும், இணையப் பாதுகாப்பை இரண்டாவதிலும், ஊருக்கு அருகில் உள்ள சி.எஸ்.இ.யை மூன்றாவதிலும் வைக்கலாம் என்று எண்ணுகிறோம். எட்டாததை முதலில் வைப்பதால் மற்றவை கைநழுவுமா?

பெங்களூர் ஆளெடுப்பாளர் எழுதியது:

நழுவாது, ஐயா. பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவள் தரவரிசை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தையே ஒதுக்குவார்கள். தற்காலிக ஒதுக்கீட்டில் இரண்டாவது கிடைத்தால், அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ளதற்குக் காத்திருக்கும் தெரிவும் உண்டு. குறித்த நாளுக்குள் அந்தத் தெரிவை உறுதி செய்யத் தவறாதீர்கள்.

வலைக்காவலன் எழுதியது:

இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றுங்கள் என்பதே இப்போதும் என் கருத்து. கல்லூரிக்கு நேரில் போய் ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதினீர்கள் என்றால் மறுபரிசீலனை செய்கிறேன்.