ஸ்கை டைவிங்: முதல் தனிக் குதிப்பில் மூளை நின்றுவிட்டது. திரும்பக் குதிப்பதா, விடுவதா?

கல்லடிக்காரி எழுதியது:

நான் பயந்தாங்கொள்ளி என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். பழைய கல்லடிப் பாலத்தில் இருந்து பொடியன்கள் வாவிக்குள் குதிக்கும்போது அவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தவள் நான். இப்போது துபாயில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடம் கூட வேலை செய்கிறவர்களின் கரைச்சல் தாங்காமல் ஒரு டாண்டம் குதித்தேன். பயிற்றுநரின் நெஞ்சோடு கட்டிவிடுவார்கள், நமக்கு ஒரு வேலையும் இல்லை, கத்தினால் போதும். நன்றாகக் கத்தினேன். இறங்கிய பிறகு ஏனோ அந்த நினைப்பு விடவில்லை. சீட்டுக் காசு கைக்கு வந்ததும் தனியாகக் குதிக்கப் பழகும் ஏ.எஃப்.எஃப். வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு நாள் முழுக்கத் தரை வகுப்பு. எனக்குப் பாடமாக்குவது கைவந்த கலை, எழுதியதில் எல்லாம் சரி. 13,000 அடியில் வெளியே. இரண்டு பயிற்றுநர்கள் இரண்டு பக்கமும் பிடித்திருப்பார்கள். அடிவானத்தைப் பார், கையில் கட்டிய, உயரம் காட்டும் அல்டிமீட்டரைப் பார், இடப்பக்கம் ஒரு தலையாட்டல், வலப்பக்கம் ஒரு தலையாட்டல். பரசூட் கைபிடியை மூன்று தரம் தொட்டுப் பழகு. 6,000 நெருங்கும்போது அல்டிமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதே. 5,500இல் கையசைத்து இழு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கதவு திறந்த பிறகு இதில் ஒன்றுகூட இல்லை. வீடியோவைப் பார்த்தால் கன்னம் இரண்டும் ஊதி, கண்ணைத் திறந்தபடி எதையும் பார்க்காமல் விழுந்துகொண்டிருக்கிறேன். பயிற்றுநர் என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டுகிறார். காலை நீட்டு என்று அர்த்தம். கையை ஆட்டுகிறார், உடம்பைத் தளர்த்து என்று அர்த்தம். நான் அவருடைய கையுறையைப் பார்க்கிறேன். பெருவிரல் பக்கம் நூல் பிரிந்திருந்தது. 13,000 அடியில் இருந்து 5,500 வரைக்கும் என் ஞாபகத்தில் இருப்பது அந்த நூல் மட்டும்தான். கடைசியில் என் கையைப் பிடித்துக் கைபிடியில் வைத்து அவர்தான் இழுக்க வைத்தார்.

வகுப்பின் முதலாம் நிலையைத் திரும்பக் குதிக்க வேண்டுமாம். காசும் திரும்பக் கட்ட வேண்டும். இந்த உடம்புக்கு இது சரிவராது என்று விட்டுவிடவா? இதில் இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. அம்மாவிடம் போனில் "டைவிங் பழகுகிறேன்" என்றேன், அவருடைய காதில் அது "ட்ரைவிங்" என்று விழுந்தது. நான் திருத்தவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாத மனிசி. வானம் என்று எப்படிச் சொல்வது?

மட்டுநகர் மச்சான் எழுதியது:

பரசூட்டை நீங்கள் இழுக்கவில்லை, அவர் இழுத்தார். ஹோட்டல் கணக்கிலும் இப்படித்தானா? சும்மா பகிடி, கோபிக்க வேண்டாம். ஆனால் அம்மாவிடம் கெதியில் சொல்லுங்கள். ஊரில் ஒரு வட்ஸ்அப் குரூப் போதும், உங்களுக்கு முன்னால் வீடியோ கல்லடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அக்கரைப்பற்றான் எழுதியது:

தங்கச்சி, நான் மெல்பேர்ன் பக்கம் இருக்கிறேன், முந்நூறு குதிப்புக்கு மேல் ஆகிவிட்டது. மூன்றாம் நிலையில்தான் பயிற்றுநர்கள் முதல்முறையாகக் கையை விடுவார்கள். அந்த நிலையை நான் மூன்று தரம் குதித்தேன். விட்டவுடன் பம்பரம் மாதிரிச் சுற்றுவேன், அவர்கள் பாய்ந்து வந்து பிடிப்பார்கள். மூன்றாவது தரம் இறங்கியபோது பரசூட் மடிக்கும் பெடியன்கூட என் பெயரைப் பாடமாக்கியிருந்தான். ஆகவே நிலையைத் திரும்பச் செய்வதைப் பெரிய விசயமாக எடுக்க வேண்டாம்.

உங்கள் வீடியோ விவரத்தில் எனக்குப் பட்டது அந்த ஊதிய கன்னம். நீங்கள் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள். கதவில் இழுத்த மூச்சு பரசூட் விரியும் வரைக்கும் உள்ளேயே இருந்திருக்கும். 45 செக்கன் மூச்சு விடாமல் இருந்தால் கையுறை நூலாவது தெரிந்ததே என்று சந்தோசப்பட வேண்டும். கண் முன்னால் ஒரே ஒரு பொருள் மட்டும் தெரிவது முதல் குதிப்பில் கனபேருக்கு நடக்கிறது. எனக்கு பயிற்றுநரின் பல் தெரிந்தது.

இதற்கு நான் கண்ட வழி, அல்டிமீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணை வாய்விட்டுக் கத்துவது. "பதினோராயிரம்!" தமிழிலேயே கத்துங்கள், அங்கே யாருக்கும் கேட்காது. மூச்சை வெளியே விடாமல் கத்த முடியாது, அதுதான் இதில் உள்ள சூட்சுமம். கத்துவதற்கு எண் வேண்டும், எண்ணுக்கு அல்டிமீட்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, பாலத்துப் பயத்தைப் பிளேனுக்குக் கொண்டுபோகாதீர்கள். பாலத்தில் இருந்து குதித்தால் அசையாமல் நின்ற உடம்பு திடீரென்று விழுகிறது, அடிவயிறு எழும்பும். பிளேன் ஏற்கனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் வெளியே வந்த உடனேயே காற்று நெஞ்சில் வந்து மோதிவிடும். பத்துப் பன்னிரண்டு செக்கனில் மணிக்கு 190 கிலோமீற்றர் அளவுக்கு வரும், அதற்கு மேல் வேகம் ஏறாது. அந்தக் காற்றில் சாய்ந்து படுத்திருப்பது போலத்தான் இருக்கும். டாண்டத்தில் அடிவயிறு எழும்பியதா என்று யோசித்துப் பாருங்கள்.

இடுப்பை முன்னுக்குத் தள்ளி உடம்பை வில்லாக வளை என்று சொல்லியிருப்பார்களே, அது ஏன் என்று விளங்கினால் செய்வது லேசு. பூப்பந்தை எப்படி எறிந்தாலும் தக்கைப் பக்கம்தான் கீழே வரும். இடுப்புத்தான் நம்முடைய தக்கை. பயத்தில் கூனினால் பூப்பந்து தலைகீழாகிவிடும், ஆட ஆரம்பிக்கும். வீட்டில் கட்டிலில் குப்புறப் படுத்து, கண்ணை மூடி, கதவில் இருந்து இழுக்கும் வரைக்கும் 45 செக்கன் கணக்கில் செய்து பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். துபாயில் கீழிருந்து காற்றை ஊதி ஆளை மிதக்க வைக்கும் உள்ளரங்கக் காற்றுச் சுரங்கம் இருக்கிறது, கையில் காசு இருந்தால் அங்கே இரண்டு நிமிடம் மிதந்து பாருங்கள். ஒரு குதிப்பில் கிடைக்கும் நேரத்தைவிட அது கூட. காசு இல்லாவிட்டால் கட்டில்.

மத்திய முகாம் பெரியவர் எழுதியது:

பிள்ளை, எனக்கு 68 வயது. குதித்ததும் இல்லை, குதிக்கப் போவதும் இல்லை. உகணை விமானப்படைத் தளத்துப் பக்கம் குடை குடையாக வானத்தில் இருந்து இறங்குவதை வயலில் நின்று பார்த்திருக்கிறேன். நாங்கள் நாற்று நடுவதை விட்டுவிட்டு எண்ணுவோம். ஒன்று குறைந்தால் நெஞ்சு அடிக்கும், பிறகு அது எங்கேயாவது மேகத்துக்குப் பின்னால் இருந்து வரும்.

எனக்கு ஒரு கேள்வி. 13,000 அடி என்கிறீர்கள். பீதுருதாலகால மலை 8,281 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதன் தலைக்கு மேல் இன்னொரு பாதி மலையை வைத்த உயரம் அல்லவா? அந்த உயரத்தில் குடை விரியாவிட்டால் என்ன கதி? அதைச் சொல்லாமல் மூச்சு விடு, கத்து என்றால் எப்படி?

அக்கரைப்பற்றான் எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. பையில் குடை இரண்டு. பெரியது சரியில்லை என்றால் அதைக் கழற்றி விட்டுவிட்டு ரிசேர்வ் என்கிற மற்றக் குடையை இழுக்க வேண்டும். பழகுநருக்கு அந்த முடிவை எடுக்கும் கடைசி உயரம் பெரும்பாலும் 2,500 அடி. அதற்குக் கீழே நின்று யோசிப்பதில்லை. தரை வகுப்பில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். ரிசேர்வைக் கண்டவர் மடிக்க முடியாது, அதற்கென்று லைசன் எடுத்தவர் மடித்து முத்திரை வைப்பார். ஆள் மயங்கிப் போனாலும், ஆயிரம் அடி அளவில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசேர்வைத் தானாகத் திறந்துவிடும் சின்னக் கருவி ஒன்றும் பைக்குள் இருக்கிறது. 1991இல் ஜெர்மனியில் இருந்து வந்த சைப்ரஸ் என்பதுதான் அதில் பெயர்போனது. ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் உம்மாவுக்கு இன்றைக்கும் ஒவ்வொரு தரமும் இறங்கிய பிறகு கோல் எடுக்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடித் தம்பி எழுதியது:

அக்கா, நான் நாலாம் நிலையோடு விட்டவன். பயத்தால் இல்லை, பீனிசம். தடிமனோடு ஒரு நாள் ஏறினேன். இறங்கும்போது காதுக்குள் ஊசி குத்துவது போல, இரண்டு நாள் ஒரு காது கேட்கவில்லை. பயிற்றுநர் முதலிலேயே கேட்டார், தடிமன் இருக்கா என்று. கட்டிய காசுக்காகப் பொய் சொன்னேன். பிழை என்னுடையது.

பிறகு யோசித்தேன், ஒவ்வொரு வெள்ளி இரவும் நித்திரை இல்லை, சனி காலையில் காற்றுக் கூடி ரத்து என்றால் மனதுக்குள் சந்தோசம். ரத்தானால் சந்தோசப்படுகிற பொழுதுபோக்குக்கு எதற்குக் காசு என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு ரத்து என்றால் எப்படி இருக்கிறது? அதை ஒருக்கா உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கல்லடிக்காரி எழுதியது:

தம்பி, இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துவிட்டது. போன கிழமை காற்றுக் கூடி ரத்துச் செய்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்போ எனக்குப் பதில் தெரியும்போல.

காத்திருந்த நேரத்தில் பரசூட் மடிக்கும் கூடாரத்தில் போய் இருந்தேன். அப்பா வாவியில் வீச்சு வலை போடுகிறவர். கரையில் நின்று வலையைக் கொத்துக் கொத்தாகக் கையில் எடுப்பார், ஒரு மடிப்பைத் தோளில் போடுவார், ஒரு கண்ணி பிழைத்தாலும் வலை வட்டமாக விழாது. இங்கே மடிப்பவரும் அதே மாதிரித்தான். துணியின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் தேடி எடுத்து, கயிறுகளை நடுவுக்குக் கொண்டுவந்து, காற்றை முழங்காலால் அமத்தி வெளியேற்றுகிறார். அரை மணித்தியாலம் வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன். விரியுமா என்ற பயம் அதோடு பாதி போய்விட்டது.

இப்போது மிச்சப் பயம் தரை. போன தரம் ரேடியோவில் சொன்னபடி பரசூட்டின் வேகத்தைக் குறைக்கும் இரண்டு பிரேக்கையும் இழுத்தேன், ஆனாலும் மூட்டைபோல விழுந்தேன்.

அக்கரைப்பற்றான் எழுதியது:

வலைக்காரர் மகளுக்கு இனி நான் என்ன சொல்லிக் கொடுக்க! ஒரு வித்தியாசம் மட்டும். வலையை ஈயக்குண்டு இழுத்து விரிக்கும். பரசூட்டைக் காற்று நிரப்பும். ஒரே அடியில் நிரம்பினால் முதுகு முறிந்துவிடும், அதனால் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்தபடி மெல்ல மெல்லக் கீழே வழுகி வரும் ஒரு துணித்துண்டு இருக்கிறது. அடுத்த முறை மேலே பாருங்கள், தலைக்குச் சற்று மேலே படபடவென்று அடிக்கும்.

தரைக்கு வருவோம். நீங்கள் கீழே பாதத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதத்தைப் பார்த்தால் தரை பாய்ந்து வருவது போலத் தெரியும், கையும் பிந்தும், காலும் தானாக முன்னுக்கு நீளும். தூரத்தைப் பாருங்கள். ஓட்டு வீட்டுக் கூரையளவு உயரம் வந்ததும் இரண்டு பிரேக்கையும் ஒன்றாக முழுக்க இழுக்க வேண்டும். பாதமும் முழங்காலும் ஒட்டியிருக்கட்டும், நிற்க முடியாவிட்டால் பக்கவாட்டில் உருளுங்கள்.

மற்றது, காற்றுக்கு எதிராக இறங்குவது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் கல்லடிப் பாலத்தில் சைக்கிள் ஓடியிருப்பீர்கள். காற்று முதுகில் என்றால் மிதிக்காமலே போகும், முகத்தில் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். நமக்கு வேண்டியது அந்த நின்ற இடம்.

(சாப்பிடுகிற கச்சானுக்கு ஏன் காற்றின் பெயர் வந்தது என்று யாருக்காவது தெரிந்தால் வேறு திரியில் சொல்லுங்கள்.)

கல்லடிக்காரி எழுதியது:

நேற்றுக் குதித்தேன்.

ஏறும்போது கை நடுங்கியது, அதை மறைக்கவும் இல்லை. பயிற்றுநர் தன் கையையும் வேண்டுமென்றே நடுக்கிக் காட்டினார். கதவில் காலை வைத்ததும் வழக்கம்போல மூச்சு உள்ளே போய் அடைத்தது. வெளியே வந்து அல்டிமீட்டரைப் பார்த்தேன். "பன்னிரண்டாயிரம்!" என்று கத்தினேன். வாய்க்குள் காற்றுப் புகுந்து உதடு எங்கேயோ போனது, ஆனால் மூச்சு வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு இடப்பக்கம் ஒரு முகம் இருப்பது தெரிந்தது. வலப்பக்கம் இன்னொன்று. கீழே மணல், மணல், ஒரு கறுத்த ரோட்டு, அதில் எறும்பளவு லொறி.

இரண்டு விரல் நீண்டது, காலை நீட்டினேன். கைபிடியை மூன்று தரம் தொட்டேன், இரண்டாவது தரம் தொடையைத்தான் தொட்டேன். 6,000 வரும்போது கண்ணை எடுக்கவில்லை. 5,500இல் கையசைத்து நானே இழுத்தேன். அந்தத் துணித்துண்டு படபடவென்று அடித்ததையும் பார்த்தேன். தரையில் நிற்கவில்லை, உருண்டேன், சப்பாத்துக்குள் அரைக் கிலோ மணல். கையுறையைத் தைத்திருந்தார், வீடியோவில் பார்த்தேன்.

பின்னேரம் அம்மா கோல் எடுத்தார்.

"என்ன மகள், லைசன் கிடைச்சிட்டா?"

இந்த லைசனுக்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். "இன்னும் இருபதுக்கு மேல இருக்கம்மா" என்றேன்.

"இருபது நாளா? அங்க ரோட்டு அவ்வளவு மோசமா?"

அப்பா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். போனை வாங்கி, "பிள்ளை, வண்டி எத்தனை அடி உயரத்தில ஓடுது?" என்று கேட்டார். அண்ணன் வீடியோவைக் காட்டிவிட்டானாம். மட்டுநகர் மச்சான், உங்கள் வாய் கரிவாய்.