ஸ்ட்ரம்மிங்குக்கும் லீடுக்கும் ஒரே பிக் போதுமா? 1.5 மி.மீ. வாங்கி மாட்டிக்கொண்டேன்

கேபோமூன்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் பழக ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது. அக்கௌஸ்டிக்தான், கம்பி 12 கன செட் (முதல் கம்பி 0.012 அங்குலம்). கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்த கூட்டொலி) மாற்றுவது ஓரளவு வந்துவிட்டது (எஃப் மட்டும் இன்னும் பாதி நேரம் செத்த சத்தம்தான், அது வேறு கதை). இதுவரை கிட்டார் பையோடு இலவசமாக வந்த மெல்லிய பிக்கில்தான் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) வாசித்தேன், மேலே 0.46 என்று போட்டிருக்கும், மி.மீ. கணக்கு. ஸ்ட்ரம்மிங்குக்கு, அதாவது கம்பிகளைச் சேர்த்துத் தட்டுவதற்கு, அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது பாட்டுக்கு நடுவில் வரும் மெட்டுகளை ஒற்றைக் கம்பியில் எடுத்து வாசிக்கப் பார்க்கிறேன், அங்கேதான் சிக்கல். கொஞ்சம் வேகம் கூடினாலும் பிக் வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த ஸ்வரத்துக்கு நேரம் தாண்டிவிடுகிறது.

கடையில் சொன்னேன். "லீட் வாசிக்கணும்னா தடியா வாங்குங்க" என்று 1.5 மி.மீ. ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஒற்றைக் கம்பிக்கு நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிக்கில் ஸ்ட்ரம் பண்ணினால் கம்பிகளுக்கு நடுவே போய் மாட்டுகிறது, விரலுக்குள் சுழல்கிறது. போன வாரம் மட்டும் இரண்டு தடவை ஓட்டைக்குள் விழுந்து, கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்து உண்டியல் மாதிரி குலுக்கி எடுத்தேன். என் தோழி பாடுவாள், நான் வாசிப்பேன், ஃபோனில் பதிவு பண்ணிக் கேட்டால் அவள் குரலுக்கு முன்னால் என் பிக் சட் சட் சட் என்று வந்து நிற்கிறது. "பாட்டுக்கு நடுவுல யாரோ நகம் வெட்டுற மாதிரி இருக்கு" என்கிறாள்.

இரண்டுக்கும் நடுவில் எந்தக் கனம் சரி? அல்லது பாட்டுக்குப் பாட்டு பிக் மாற்றத்தான் வேண்டுமா?

பழையகம்பி எழுதியது:

தம்பி, மெல்லிசைக் குழுவில் பதினைந்து வருடம் ரிதம் கிட்டார் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடைக்காரர் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார். கம்பியைத் தட்டும்போது எங்கேயாவது ஒன்று வளைந்து கொடுத்தாக வேண்டும். மெல்லிய பிக்கில் பிக்கே வளைந்து கொடுக்கும், அதனால் நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது மன்னித்துவிடும். பத்து மாதமாக உங்கள் கை பழகியது அந்த மன்னிப்புக்குத்தான். தடித்த பிக் வளையாது, அப்போது உங்கள் விரலும் மணிக்கட்டும்தான் வளைந்து கொடுக்க வேண்டும். கை பழைய இறுக்கத்திலேயே இருந்தால் பிக் மாட்டும், சுழலும், கடைசியில் ஓட்டைக்குள்தான் போகும்.

ஆகவே அடுத்த பிக் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஆள்காட்டி விரலை உள்ளே மடக்கி, அதன் பக்கவாட்டின் மேல் பிக்கை வைத்து, மேலே கட்டை விரலை வையுங்கள், பூட்டில் சாவி போட்டுத் திருப்பும்போது பிடிக்கிறோமே, அந்தப் பிடி. முனை வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? ஒரு துவரம்பருப்பு அளவு போதும். புதிதாக வாசிப்பவர்கள் பாதி பிக்கை வெளியே விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு நீளம் கம்பிக்குள் இறங்கினால் 1.5 என்ன, எந்த பிக்கும் மாட்டத்தான் செய்யும்.

அடுத்தது சாய்வு. பிக் கம்பியின் மேல் தட்டையாக விழாமல், அதன் முன் ஓரம் லேசாகத் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். அந்தச் சட் சட் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும், ஏனென்றால் பிக் கம்பியை அறையாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. ரொம்பவும் சாய்த்துவிட்டால் வேறு தொல்லை. அக்கௌஸ்டிக்கில் மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை சுற்றுக் கம்பிகள். ஓரம் அந்தச் சுற்றில் உரசி, அரத்தில் தேய்ப்பதுபோல் கர கர என்று கேட்கும். மேல் கம்பிகளுக்கு ஒரு சாய்வு, கீழ்க் கம்பிகளுக்கு ஒரு சாய்வு என்று கை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும், அவசரப்படாதீர்கள்.

கனம் என்று கேட்டால், இரண்டுக்கும் சேர்த்து 0.73 முதல் 0.88 வரை. 1.5-ஐ வீசிவிட வேண்டாம், ஆறு மாதம் கழித்துத் தேடுவீர்கள்.

மஞ்சள்டெல்ரின் எழுதியது:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கனத்தை மட்டும் வைத்து யாரும் பிக் வாங்காதீர்கள். எதில் செய்தது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 0.73 நைலானையும் 0.73 டெல்ரினையும் (அது ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்) அடுத்தடுத்து வளைத்துப் பாருங்கள், நைலான் குழைந்து போகும், டெல்ரின் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரே எண், இரண்டு வேறு பிக். தின், மீடியம், ஹெவி என்று எழுத்தில் மட்டும் போட்டு வருபவை இன்னும் மோசம், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் இல்லை. மி.மீ. போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் இலவச பிக் பளபளவென்று முத்துச் சிப்பி மாதிரி இருந்தால் பெரும்பாலும் செல்லுலாய்டு. சத்தம் இனிமையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், வியர்வைக் கையில் வழுக்கும். (பழைய டேபிள் டென்னிஸ் பந்துகளும் இதே சரக்குதான். தீப்பற்றினால் நிற்காமல் எரியும், விளக்குப் பக்கத்தில் வைத்து விளையாட வேண்டாம்.) நைலான் தேயும்போது ஓரத்தில் பஞ்சு பஞ்சாக நூல் கிளம்பும், அதற்காகவே சிலருக்குப் பிடிக்காது, ஆனால் ஸ்ட்ரம்மிங்குக்கு அதைவிட மிருதுவான ஒன்று எனக்குத் தெரியவில்லை. டெல்ரின் பிக் பலவற்றில் மேற்பரப்பு மங்கலாக, சாக்பீஸ் தொட்ட கை மாதிரி சொரசொரப்பாக இருக்கும். மே மாதத்துச் சென்னையில் கரண்ட் போன அறையில் வாசித்தாலும் கையை விட்டு நழுவாது, அனுபவம்.

டெல்ரினில் டன்லப்பின் டார்டெக்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும். நிறத்தை வைத்தே கனம் சொல்லிவிடலாம்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. பெட்டியின் மேல் ஆமைப் படம் போட்டிருப்பது சும்மா அழகுக்கு இல்லை. ஒரு காலத்தில் உயர்ந்த பிக் என்றால் அழுங்காமை ஓட்டில் செய்ததுதான். நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறதே, அதே ஆமை. வேட்டையாடியே அழிக்கும் நிலைக்குக் கொண்டுபோய், 1970களில் உலக அளவில் அதன் வணிகத்துக்குத் தடை வந்தது. ஓட்டின் விறைப்பையும் பிடிப்பையும் பிளாஸ்டிக்கில் கொண்டுவரப் பார்த்து 1981-இல் வந்ததுதான் டார்டெக்ஸ். இன்றைக்கும் யாராவது "ஒரிஜினல் ஓடு" என்று விற்க வந்தால் தூர நில்லுங்கள், நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள்.

உங்களுக்கு என் வாக்கு மஞ்சள். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஓசிபிக் எழுதியது:

ஏன் இவ்வளவு செலவு? காலாவதியான ஏடிஎம் கார்டை எடுங்கள். உலகத்தில் எந்த பேங்க் கார்டாக இருந்தாலும் கனம் 0.76 மி.மீ., அது சர்வதேச அளவு. அதாவது மேலே எல்லோரும் சிபாரிசு பண்ணுகிற அதே கனம் உங்கள் பர்ஸில் சும்மா கிடக்கிறது. பழைய பிக்கை மேலே வைத்துப் பேனாவால் கோடு போட்டு, கத்தரியில் வெட்டி, ஓரத்தை நைசான உப்புத்தாளில் தேய்த்தால் ஒரு கார்டில் ஐந்தாறு பிக் தேறும். சிப் இருக்கிற பக்கத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வட்ட முனை பிடிக்குமா, கூர் முனையா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது, பிடிக்காவிட்டால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

கொட்டாங்குச்சியிலும் செய்து பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், சரோட் என்ற வட இந்திய நரம்பு வாத்தியம் வாசிப்பவர்கள் தேங்காய் ஓட்டில் செய்ததைத்தான் வைத்து மீட்டுகிறார்கள். இழைத்து இழைத்து 2 மி.மீ.க்குக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, வீடெல்லாம் தூள், அம்மா பேசிய பேச்சு தனி. சத்தம் மட்டும் நல்ல கனமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது.

மஞ்சள்டெல்ரின் எழுதியது:

ஏடிஎம் கார்டு பிக் இரண்டு நாளில் முனை மழுங்கிப் பல்லுப் பல்லாக ஆகும், அதோடு கம்பியில் ஏறினால் கீச்சுக் கீச்சென்று கேட்கும். வடிவம் சோதிக்க மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பதிவு பண்ண அதை எடுக்காதீர்கள்.

ஓசிபிக் எழுதியது:

குயின் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தை வைத்து வாசிக்கிறார், அதை யாரும் கேட்கவில்லை, என் கார்டு மட்டும் உங்கள் கண்ணில் குத்துகிறது.

பழையகம்பி எழுதியது:

அவர் வாசிப்பது மெல்லிய எலக்ட்ரிக் கம்பி, அதுவும் தடவுகிற மாதிரி. அவரைப் பார்த்து நான் ஒருமுறை 50 காசை வைத்து அக்கௌஸ்டிக்கில் ஸ்ட்ரம் பண்ணினேன். ஒரே கச்சேரியில் நாலாவது கம்பியின் சுற்று பிரிந்து தொங்கியது. சரி, சண்டையை விடுங்கள், கேட்டவர் பயந்து ஓடிவிடப் போகிறார்.

சின்னமுனை எழுதியது:

லீட் மட்டும் என்றால் டன்லப்பின் ஜாஸ் த்ரீ பிக், வேறு பேச்சே இல்லை. 1.38 மி.மீ., சாதாரண பிக்கைவிடச் சின்னது, முனை கூர்மை. நான் எலக்ட்ரிக், ஒன்பது வருடமாக அதுதான். அதில் கையை வைத்த பிறகு பெரிய பிக்கைப் பிடித்தால் தோசைக் கரண்டியால் வாசிப்பதுபோல் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அக்கௌஸ்டிக்கில் ஸ்ட்ரம் பண்ண அதை வாங்காதீர்கள். பிடிக்க இடமே இல்லை, விரல் நகம் கம்பியில் தேய்ந்து இரண்டாவது பாட்டிலேயே எரிய ஆரம்பிக்கும்.

கனத்த பிக்கில் ஓங்கி ஸ்ட்ரம் பண்ணுவதில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கம்பி அதிகமாக இழுபடும், தட்டிய அந்த நொடியில் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். ட்யூனரில் சரியாகக் காட்டுகிறதே, பாட்டில் ஏன் பிசிறுகிறது என்று நான் ரொம்ப நாள் கிட்டாரைத் திட்டினேன்.

பேஸ்பக்கம் எழுதியது:

நான் பேஸ், விரல்தான், பிக் சண்டையில் எனக்குப் பங்கு இல்லை. ஒரே ஒரு கேள்வி: பதிவு பண்ணும்போது ஃபோனை எங்கே வைக்கிறீர்கள்?

கேபோமூன்று எழுதியது:

எதிர்க்க ஒரு நாற்காலியில், கிட்டார் ஓட்டைக்கு நேராக. ஒரு முழம் இருக்கும். ஓட்டையிலிருந்துதானே சத்தம் வருகிறது என்று நினைத்து அங்கே வைத்தேன்.

அப்புறம் பழையகம்பி அண்ணா, தம்பி இல்லை, தங்கை.

பேஸ்பக்கம் எழுதியது:

அதுதான் பாருங்கள். அந்த இடத்தில் உங்கள் பிக் நேராக ஃபோனின் முகத்தில் வந்து அடிக்கிறது, ஓட்டையின் கும் கும்மும் சேர்ந்து வருகிறது. கழுத்து உடம்போடு சேரும் இடம், 12 அல்லது 14-ஆவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பக்கம், அதைப் பார்த்து ஃபோனைத் திருப்பி, இன்னும் ஒரு முழம் பின்னால் தள்ளுங்கள். பாடுகிறவர் ஃபோனுக்கு உங்களைவிடக் கிட்டே உட்காரட்டும். பிக்கை மாற்றாமலே பாதி நகவெட்டி காணாமல் போகும்.

பழையகம்பி எழுதியது:

மன்னிக்கவும் தங்கச்சி. எங்கள் காலத்தில் குழுவில் கிட்டார் எடுத்ததெல்லாம் பையன்கள்தான், பழக்க தோஷம். ஃபோன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல கேள்வி.

கேபோமூன்று எழுதியது (11 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் 0.73, பச்சை 0.88, நைலானில் ஒரு 0.73, மூன்றும் வாங்கினேன். முதல் இரண்டு நாள் எதையும் வாசிக்காமல் 1.5-ஐயே வைத்துக்கொண்டு, முனையைத் துவரம்பருப்பு அளவுக்கு உள்ளே இழுத்து, வெறும் ஜி கார்டில் மேலும் கீழும் தட்டிக்கொண்டே இருந்தேன். பிடி தளரத் தளர மாட்டுவது நிற்கிறது, அண்ணா சொன்னது அப்படியே உண்மை. ஆனால் தளர்த்தினால் பறந்துபோய்விடுமோ என்று பயந்து விரல் திரும்பவும் இறுகிக்கொள்கிறது, குறிப்பாகக் கார்டு மாற்றும்போது. இடது கை கஷ்டப்படும்போதெல்லாம் வலது கையும் சேர்ந்து இறுகுகிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

மூன்றையும் ஒரே பாட்டுக்கு வைத்துப் பதிவு பண்ணி, எது எது என்று சொல்லாமல் தோழியிடம் போட்டுக் காட்டினேன். ஸ்ட்ரம்மிங்குக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு நைலானைச் சொன்னாள். மெட்டு வாசிக்கும் இடத்தில் நைலான் கொஞ்சம் தூங்கி வழிகிறது, அங்கே பச்சைதான். இரண்டுக்கும் ஒன்றே என்றால் பச்சையைத் தளர்வாகப் பிடிப்பது, அதில்தான் இப்போது பழகுகிறேன். மஞ்சள்டெல்ரின் அண்ணா கோபிக்க வேண்டாம், மஞ்சள் மோசமில்லை, எனக்கு இரண்டும் கெட்டானாகத் தோன்றியது. ஏடிஎம் கார்டிலும் ஒன்று வெட்டினேன், கீச்சு உண்மைதான், ஆனால் அதில் வட்ட முனை வெட்டிப் பார்த்துத்தான் எனக்கு வட்டம் ஒத்துவரும் என்று தெரிந்தது. இப்போது பச்சை பிக்கையே திருப்பிப் பிடித்து, தோள் பக்கத்து வட்ட மூலையில் ஸ்ட்ரம் பண்ணிவிட்டு, மெட்டு வரும்போது முனைக்கு மாற்றிக்கொள்கிறேன். மாற்றும்போது இதுவரை மூன்று தடவை கீழே விழுந்தது, ஓட்டைக்குள் இன்னும் விழவில்லை.

ஃபோனைக் கழுத்துப் பக்கம் நகர்த்தியதும் நகவெட்டிச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. அது போனதும் பின்னால் ஒளிந்திருந்தது தெளிவாகக் கேட்கிறது. "இந்த இடத்துல மட்டும் ஏன் கம்பி செத்துப்போகுது?" என்கிறாள். எஃப்.

பழையகம்பி எழுதியது:

எஃப் கார்டுக்குத் தனித் திரி போடுங்கள். இதில் ஆரம்பித்தால் முடியாது.