மலேசியாவில் தம்பிக்குக் கையில் தீக்காயம்: சொக்சோ தொழிலாளர் காப்பீட்டில் பணம் கிடைக்குமா?

கோட்டூரான்:
வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். தம்பி பெர்மிட்டில் போய், கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். போன வாரம் எண்ணெய் கொட்டி வலது கை வெந்துவிட்டது. கிளினிக்கில் 10 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்திருக்கிறார்கள். வேலை பார்க்காத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்கிறாராம் முதலாளி. சம்பளச் சீட்டில் 1,700 ரிங்கிட்டுக்கு ஈ.பி.எஃப். 34, சொக்சோ 8.25 என்று பிடித்திருக்கிறது. இது என்ன கணக்கு? திரும்ப வருமா? அம்மா இங்கே இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறார்.

கிள்ளான்வாசி:
முதலில் தம்பியின் கைக்கு ஆக வேண்டியதைப் பாருங்கள். வேலையில் பட்ட காயம் சொக்சோவில் வரும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உண்டு. அதற்கான 1.25 விழுக்காட்டை முழுக்க முதலாளிதான் கட்ட வேண்டும். சீட்டில் இருக்கும் 8.25 வேறு, 2024 ஜூலையில் சேர்த்த இயலாமைத் திட்டத்துக்குப் பிடிப்பது.

எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தருவார்கள். அந்த நாட்களுக்கு முதலாளி சம்பளம் போட்டுவிட்டால் சொக்சோ தராது. ஆக, ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து பணம் வந்தாக வேண்டும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பல கடைகளில் மழுப்பிவிடுவார்கள். எம்.சி., கிளினிக் பில், பாஸ்போர்ட் நகல் எடுத்துக்கொண்டு தம்பியே நேராக சொக்சோ அலுவலகம் போகட்டும். கட்டோடு கையைப் படமும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முத்துப்பேட்டை பாய்:
ஈ.பி.எஃப். என்பது நம் பி.எஃப். மாதிரி அங்குள்ள சேமநிதி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டவருக்கும் கட்டாயம். அவர் 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. வேலையை முடித்து ஒரேயடியாக ஊர் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். முதலாளி பங்கும் ஏறுகிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது. சொக்சோ காசு அப்படித் திரும்பாது. சம்பாவுக்குக் கட்டிய பயிர் இன்சூரன்ஸ், வெள்ளம் வராவிட்டால் கைக்கு வருமா என்ன?

ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில் போயிருந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா பாலிசி இருக்கும். 10 லட்சம், ஆனால் விபத்தில் இறப்பு, நிரந்தர ஊனம் இரண்டுக்கும்தான். அந்தத் தொகை இந்தக் காயத்துக்கு ஆகாது. காகிதம் வீட்டில் இருக்கட்டும்.

கோட்டூரான்:
ரொம்ப நன்றி அண்ணே, பாய். நாளைக்கே போகச் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒன்று: போகும் முன் திருப்பூரில் 4 வருஷம் பி.எஃப். கட்டியிருக்கிறான். அதையும் இதையும் சேர்க்க முடியுமா?

முத்துப்பேட்டை பாய்:
முடியாது. ஜெர்மனி, ஜப்பான் மாதிரி சில நாடுகளோடுதான் இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் உண்டு, மலேசியாவோடு இல்லை. திருப்பூர் கணக்கு தனியாக அவன் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் கிடக்கும். பென்ஷனுக்கு 10 வருஷம் வேண்டும். திரும்பி வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தால் அந்த 4 வருஷத்தோடு தொடரலாம், அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம்.