மறு: 'கீ எஸ்க்ரோ'வுக்குத் தமிழில் என்ன?

வணக்கம். பிறருக்குப் புரியாதபடி மறையாக்கிய பேச்சைத் திறக்கும் சாவியை, பின்னால் அரசு கேட்டால் எடுத்துக்கொடுக்க முன்கூட்டியே ஓர் அமைப்பிடம் வைத்திருப்பதுதான் 'கீ எஸ்க்ரோ'. அதற்கு நீங்கள் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> 'சாவி அடமானம்' பொருந்துமா? கேட்டதும் புரிகிறதே.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. அடமானம் என்றால் கைக்குக் கடன் வந்திருக்க வேண்டும், அடைத்தால் பொருளை மீட்கலாம். இங்கே கடனும் இல்லை, மீட்பும் இல்லை. 'அடைக்கலச் சாவி' அழகான சொல்தான், ஆனால் அடைக்கலம் நாமே நம்பிக் கொடுப்பது.

1993 ஏப்ரலில் கிளின்டன் அரசு அறிவித்த கிளிப்பர் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக்குள் உட்கார்ந்து பேச்சை மறையாக்கும் சில்லு அது. அதன் சாவியைத் தயாரிப்பின்போதே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி தர நிர்ணய நிறுவனமான நிஸ்டிடமும் மறு பாதி கருவூலத்துறையிடமும் இருக்கும், ஒட்டுக்கேட்க அனுமதி பெற்ற போலீஸ் இரண்டையும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். வங்கி லாக்கருக்கும் இரண்டு சாவிதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். லாக்கரில் ஒரு சாவி நம் இடுப்பில் இருக்கிறது, நாம் போகாமல் திறக்காது. இங்கே இரண்டு பாதியும் அரசிடம்!

அதனால் என் பரிந்துரை 'சாவி வைப்பு'. வைப்புத்தொகை, வைப்பு நிதி என்று ஏற்கெனவே வாயில் புழங்குவது, யார் வைத்தார் என்பதில் வாய் திறக்காதது. கிளைச்சொற்களும் தடங்கலில்லாமல் வருகின்றன: சாவியை வைப்பிலிடுகிறார்கள், வைத்திருக்கும் அமைப்பு வைப்பகம், துண்டு பாதிச்சாவி. (கீ என்பதற்கு 'விசை' வேண்டாமே, கீபோர்டு ஞாபகம்தான் வருகிறது.)

'கள்ளச்சாவி' கேட்டவர்களுக்கு: எனக்கும் அந்தக் கோபம் உண்டு, கட்டுரையில் தாராளமாக எழுதுவேன், ஆனால் அகராதியில் வசவைப் போட்டால் ஆதரிப்பவர் அதைத் தொடமாட்டார், அப்புறம் ஆளுக்கொரு சொல்லாகிவிடும். 'கொல்லைவாசல்' பேக்டோருக்கே (ரகசியமாக விட்டுவைக்கும் நுழைவழி) இருக்கட்டும், அது சொல்லாமல் வைப்பது. கிளிப்பரை வெள்ளை மாளிகையே அறிவித்தது.

இன்னொன்று பாக்கி. போலீஸ் எந்தச் சாவியைத் தேடவேண்டும் என்று காட்ட, ஒவ்வொரு அழைப்போடும் சில்லின் அடையாள எண்ணைச் சுமந்து 128 பிட்டில் ஒரு துணுக்கு போகும், பெயர் லீஃப் (LEAF, Law Enforcement Access Field). 1994இல் மறையாக்க ஆய்வாளர் மேட் பிளேஸ் ஓட்டை கண்டுபிடித்தது இதில்தான். அதன் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட், ஆக 65,536 வாய்ப்புதான். மாற்றி மாற்றிப் போட்டு ஒத்துப்போகும் போலித் துணுக்கைச் செய்துவிட்டால் சில்லு ஏற்றுக்கொள்ளும், வைப்பிலுள்ள சாவியால் போலீசுக்குப் பயனிருக்காது. இந்தத் துணுக்குக்கு 'அணுகு புலம்' என்று எழுதிப் பார்த்தேன், வயல்வெளி மாதிரி இருக்கிறது. யாருக்காவது நல்லதாகத் தோன்றுகிறதா?