ஒரு வெள்ளிக்கிழமை, குறைந்த செலவு, மலாக்கா நகரம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

இரணைமடுக் காற்று (கிளிநொச்சி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நானும் எனது நண்பர்கள் இருவரும் உறவினர் திருமணம் ஒன்றிற்காகக் கோலாலம்பூர் செல்லவுள்ளோம். விசாவும் விமானச் சீட்டும் கைக்கு வந்துவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் உள்ள பெரியம்மாவின் வீட்டில் தங்குவதால் தங்குமிடச் செலவும் இல்லை. திருமணம் சனிக்கிழமை என்பதால் அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை முழுவதும் எங்களுக்குக் கிடைக்கிறது. முதுகுப்பையில் தண்ணீரும் மாற்றுடையும் போட்டுக்கொண்டு, பழைய நகரம் ஒன்றை நடந்தே பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

மலாக்காவுக்குப் போவதா, பினாங்கின் ஜோர்ஜ் டவுனுக்குப் போவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. இணையத்தில் பார்க்கும் பயணத் திட்டங்கள் எல்லாம் படகுச் சவாரி, சுழலும் கோபுரம், அலங்கரித்த ரிக்‌ஷா என்று பணம் கேட்கும் இடங்களாகவே இருக்கின்றன. எங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு மட்டுமே உண்பவர். செலவைச் சுருக்கி, அதே வேளை நகரத்தின் வரலாற்றைத் தவறவிடாமல் அந்த ஒரு நாளை எவ்வாறு செலவிடலாம் என்று சென்று வந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பழைய தெரு (வவுனியா) எழுதுகிறார்:

தம்பி, ஒரே நாள்தான் என்றால் ஜோர்ஜ் டவுனை இம்முறை விட்டுவிடுங்கள். இரண்டு நகரங்களும் 2008ஆம் ஆண்டில் ஒன்றாகவே யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை என்பதால் பலர் அவற்றைச் சேர்த்தே பேசுவார்கள். ஆனால் பினாங்கு கோலாலம்பூருக்கு வடக்கே 350 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. போய்வருவதிலேயே பகல் முடிந்துவிடும். மலாக்கா தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் பேருந்து இரண்டு மணித்தியாலம் அளவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து கே.எல். சென்ட்ரல் நிலையத்திற்கு நடந்தே போகலாம். அங்கிருந்து கொமியூட்டர் புகையிரதத்தில் பண்டார் தாசிக் செலாத்தான் நிலையத்தில் இறங்கினால், டி.பி.எஸ். என்று அழைக்கப்படும் பெரிய பேருந்து நிலையம் பக்கத்திலேயே உள்ளது. சீட்டு வாங்கும்போது கடவுச்சீட்டைக் கேட்பார்கள், ஆகவே அதை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம். மலேசிய நேரம் எமது நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அங்கு சூரியன் உதிக்கக் காலை ஏழு மணியாகும், மறையவும் மாலை ஏழு தாண்டும். அதனால் ஏழு மணிப் பேருந்து என்பது எங்கள் ஊரில் விடிகாலைப் பேருந்தைப் பிடிப்பது போன்றதுதான், ஆனால் அதைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்கு முன் மலாக்காவின் சென் போல் குன்றில் நிற்கலாம். மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம் பழைய நகரில் இருந்து சில கிலோமீற்றர் தள்ளி இருப்பதால், அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறி ஒல்லாந்தர் சதுக்கத்தில் இறங்குங்கள். மூன்று பேராக இருப்பதால் கிராப் வாடகைக் காரைப் பகிர்ந்தாலும் தலைக்குப் பெரிய வித்தியாசம் வராது.

முதலில் செந்நிறக் கட்டடங்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பதில் நேரத்தைச் செலவிடாமல், நேரே சென் போல் குன்றில் ஏறுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. உச்சியில் இருப்பது போர்த்துக்கேயர் 1521இல் கட்டிய சிற்றாலயத்தில் இருந்து வளர்ந்த தேவாலயத்தின் கூரையற்ற சுவர்கள். உள்ளே ஓர் ஆள் உயரத்தையும் மிஞ்சும் ஒல்லாந்தக் கல்லறைக் கற்களைச் சுவரோடு சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் கப்பல்களும் குலச் சின்னங்களும் இலத்தீன், ஒல்லாந்த எழுத்துகளும் செதுக்கப்பட்டுள்ளன. காலை வெயில் சரிவாக விழும்போதுதான் அந்த எழுத்துகள் நன்றாகத் தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்லாகவே தோன்றும்.

குன்றின் மறுபக்கப் படிகளால் இறங்கினால் சந்தியாகோ வாசல். 1511இல் போர்த்துக்கேயத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைக் கைப்பற்றியதும் கட்டத் தொடங்கிய 'ஆ பமோசா' கோட்டையில் எஞ்சியிருக்கும் வாசல் இது. வாசலின் மேலே 1670 என்ற ஆண்டும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும் செதுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். 1641இல் நகரைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் வாசலைத் திருத்தியபோது தங்கள் முத்திரையை அதில் பதித்துவிட்டார்கள். எஞ்சிய கோட்டையைத் தகர்த்தவர்கள் பிரித்தானியர். நகரை மீண்டும் ஒல்லாந்தரிடம் கொடுக்க நேர்ந்தால் அரண் எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று 1807இல் வெடிமருந்து வைத்து இடிக்கத் தொடங்கினார்கள். மன்னார்க் கோட்டையையும் யாழ்ப்பாணக் கோட்டையையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த வரிசையை யாரும் விளக்கத் தேவையில்லை: அதே மூவர், அதே ஒழுங்கு, ஆண்டுகள் மட்டுமே வேறு.

கோபுரத்தையும் படகையும் தாராளமாக விடலாம். ஆற்றங்கரை முழுவதும் நடைபாதை இருக்கும்போது அதே ஆற்றைப் பார்க்கப் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மூன்று சக்கர ரிக்‌ஷாக்கள் பொம்மைகளும் மின்விளக்குகளும் பொருத்தி, பாட்டைக் காது கிழிய ஒலிக்கவிட்டுக்கொண்டு போகும். அதை வீதியோரத்தில் நின்று பார்ப்பதே போதும்.

தள்ளாடிச் சந்தி (மன்னார்) எழுதுகிறார்:

பழைய தெரு ஐயா எழுதியதோடு குன்றைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் மாவட்டத்தவர்கள் அங்கு போனால் அதற்காகவே போவார்கள்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1545இல் முதன்முதலில் மலாக்காவுக்கு வந்து, பின்னரும் பலமுறை அந்த நகரை இருப்பிடமாகக் கொண்டு பயணம் செய்தவர். 1552ஆம் ஆண்டு சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்த பின்னர், அவருடைய உடல் அடுத்த ஆண்டு மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, கோவாவுக்கு எடுத்துச் செல்லப்படும் வரை சில மாதங்கள் இதே குன்றின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. வெறுமையான அந்தக் குழி கம்பி வலையால் மூடப்பட்டு இன்றும் இருக்கிறது. வெளியே நிற்கும் வெண்ணிறச் சிலை 1952இல் நிறுவப்பட்டது. அதன் வலக்கை முறிந்திருக்கும். மரம் விழுந்து முறிந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

மன்னாரில் 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள், சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்றவர்கள். பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றி இந்தியாவோடும் மன்னாரோடும் மட்டுமே படித்த எனக்கு, அந்தக் குழியின் அருகில் நின்றபோதுதான் அவர் கடல்வழியே எவ்வளவு தூரம் அலைந்திருக்கிறார் என்பது உறைத்தது. குன்றுக்கு ஒரு மணித்தியாலத்தையாவது ஒதுக்குங்கள். சுற்றுலா வழிகாட்டிகள் குழுக்களைப் பத்து நிமிடத்தில் இறக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வட்டுவாகல் (முல்லைத்தீவு) எழுதுகிறார்:

தம்பி, கோட்டையும் தேவாலயமும் பார்த்தாயிற்று என்று நின்றுவிடாமல், பாலத்தைக் கடந்து ஆற்றின் மறுகரைக்குப் போங்கள். என்னைப் பொறுத்தவரை மலாக்காவில் நாங்கள் பார்க்க வேண்டிய பாதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதற்கும் பணம் தேவையில்லை.

தட்டார் தெருவில் பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் உள்ளது. ஒல்லாந்தர் கொடுத்த நிலத்தில் 1781இல் மலாக்காச் செட்டி சமூகத்தவர் கட்டிய கோயில் அது. அதே தெரு வரிசையில் 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்று அப்பால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் வருகின்றன. பள்ளிவாசலுக்குக் குவிமாடம் கிடையாது. மூன்றடுக்குக் கூம்புக் கூரையும், சீனப் பகோடாவை ஒத்த மினாராவும் இருக்கும். நீங்கள் போவது வெள்ளிக்கிழமை என்பதால் நண்பகல் தொழுகை வேளையில் பள்ளிவாசலுக்குள் போக முடியாது. முற்பகலிலேயே போங்கள், அல்லது மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் மூடும் உடுப்பு அவசியம்.

மலாக்காச் செட்டிகளைப் பற்றிச் சொன்னேன். போர்த்துக்கேயருக்கு முன் மலாக்காவை ஆண்ட சுல்தான்கள் காலத்தில் வணிகத்திற்காக வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயா என்ற மேற்சட்டையும், ஆனால் கும்பிடுவது பிள்ளையாரையும் மாரியம்மனையும். காஜா பெராங் வீதியில் உள்ள கம்போங் செட்டி என்ற சிறு குடியிருப்பில் இன்றும் அவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. சிறியதொரு அருங்காட்சியகமும் உண்டு. பொங்கலுக்கு முதல் நாள் இறந்த முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைப்பார்கள். அம்மை நோயிலிருந்து காக்குமாறு மாரியம்மனை வேண்டும் திருவிழாவும் அவர்களுக்கு இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து நடந்து போகும் எங்கள் ஊராருக்கு அந்தச் சிறு கோயில் வாசலில் நின்றால் அந்நியமாகத் தோன்றாது. ஒல்லாந்தர் சதுக்கத்திலிருந்து அரை மணித்தியால நடை. ஆட்கள் வாழும் வீடுகள் என்பதால் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டு விடயம். மரக்கறி உண்பவர் லக்‌ஷா என்ற நூடில்ஸ் குழம்பையும் சம்பலையும் தவிர்க்கட்டும். மரக்கறி போலத் தோன்றினாலும் அவற்றில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும். பண்டகாரா வீதியை ஒட்டிய லிட்டில் இந்தியாப் பகுதியில் வாழையிலைச் சோற்றுக் கடைகள் உள்ளன, அங்கு தமிழிலேயே கேட்டு வாங்கலாம். பிற்பகல் வெயிலுக்கு ஒரு கிண்ணம் செண்டோல் போதும்: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பச்சை நிற மாவு இழைகள், மேலே குலா மலாக்கா என்ற தென்னங்கருப்பட்டிப் பாகு. கடைக்காரர் பாகைக் கஞ்சத்தனமாக ஊற்றினால் இன்னும் கொஞ்சம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

மாங்குளம் வழி (மாங்குளம்) எழுதுகிறார்:

மேலே எழுதியவர்களோடு ஓரிடத்தில் உடன்படவில்லை. காலையில் போய் மாலையில் திரும்புவது செலவுக்கு நல்லது, ஆனால் மலாக்காவின் வெயிலில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடப்பது வீண் களைப்பு. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் ஜோங்கர் தெரு முழுவதும் இரவுச் சந்தை கூடும். அதைப் பார்க்காமல் மாலைப் பேருந்தைப் பிடிப்பவர்களை எண்ணினால் எனக்குப் பாவமாக இருக்கும். உங்களுக்கு மறுநாள் திருமணம் இல்லாதிருந்தால், மலிவான விடுதியொன்றில் தங்கி அதிகாலை வெறிச்சோடிய தெருவையும் பாருங்கள் என்றே சொல்லியிருப்பேன். அவ்வாறு தங்குவோர் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: வெளிநாட்டவர்களிடம் அறையொன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி அறவிடப்படும், விளம்பர விலையில் அது சேர்ந்திருக்காது.

இன்னொன்று, மலேசியாவுக்குள் நுழைய எம்.டி.ஏ.சி. என்ற இணைய வருகைப் படிவத்தை, சென்றிறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிவரவுத் திணைக்களத்தினுடையது அல்ல.

இரணைமடுக் காற்று (கிளிநொச்சி) மீண்டும்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மலாக்கா என்று முடிவாகிவிட்டது. காலையில் குன்று, முற்பகலில் தட்டார் தெரு, மதியம் லிட்டில் இந்தியா, வெயில் தணிந்த பின் கம்போங் செட்டி, பொழுதுபட்டதும் ஜோங்கர் சந்தை என்று வரிசைப்படுத்தியுள்ளோம். இரவுச் சந்தையைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா? மழை வந்தால் எங்கே ஒதுங்குவது?

பழைய தெரு (வவுனியா) எழுதுகிறார்:

முடியும் தம்பி, ஆனால் திரும்பும் சீட்டைக் காலையில் மலாக்கா சென்ட்ரலில் இறங்கியவுடனேயே வாங்கிவிடுங்கள். வார இறுதிக்கு முந்திய மாலை என்பதால் பேருந்துகள் நிரம்பிவிடும். சந்தை கூடத் தொடங்கும் நேரம் மாலை ஆறு மணியளவு, ஆகவே எட்டு மணிக்குப் பின்னரான பேருந்தாகப் பாருங்கள். கடைசிப் பேருந்தை மட்டும் நம்ப வேண்டாம். சந்தை நாட்களில் பழைய நகரத்து வீதிகளில் வாகனங்கள் நகராது என்பதால், கிராப் காரைத் தெருவுக்குள் அழைக்காமல் நடந்து வெளியே வந்து ஏறுங்கள்.

மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். பழைய நகரத்துக் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைவழி இருப்பதால் அங்கே ஒதுங்கலாம். அந்த நேரத்திற்குத்தான் பணம் கொடுத்து ஓர் இடம் பார்க்கச் சொல்வேன்: ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையாக இருந்த ஸ்தாதைஸ் இப்போது அருங்காட்சியகம். 1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து ஆலயம் பக்கத்திலேயே இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. குடை வேண்டாம், மழையங்கி போதும். சந்தை நெரிசலில் குடை பிடித்தால் முன்னால் போகிறவரின் கண்ணைக் குத்தும்.